லெத்ராவின் பிள்ளைகளை விற்க அவசரப்படாதீர்கள்: செயின்ட் எத்தியென் கழகத்தின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கில்மர் ஸ்போர்ட்ஸ் வென்ச்சர்ஸ் நிறுவனத்தின் திரு லாரி டானன்பாம் அவர்களுக்கும், அவருடன் சேர்ந்து பிரான்ஸின் ஏ.எஸ். செயின்ட் எத்தியென் கால்பந்துக் கழகத்தின் பொறுப்பை ஏற்றுள்ள நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

2024 ஜூன் மாதம், டொரண்டோவிலிருந்து வந்து இந்தக் கழகத்தை வாங்கினீர்கள். அதற்கு முந்தைய நாள்தான் மெட்ஸ் அணியுடன் கூடுதல் நேரம் வரை போராடி, 2-2 என்று முடித்து, இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் முந்தி, கழகம் முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தது. அடுத்த ஆண்டு மே 17-ஆம் தேதி சொந்த மைதானத்தில் துலூஸிடம் 2-3 என்று தோற்று மறுபடியும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரே ஆண்டுக்குள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பார்த்துவிட்டீர்கள். அவ்வளவு அடி வாங்கிய பிறகு எந்த முதலாளிக்கும் கை பரபரக்கும். எதையாவது உடனே வாங்க வேண்டும், எவரையாவது உடனே விற்க வேண்டும் என்று தோன்றும். அந்தப் பரபரப்பைப் பற்றியும், கழகத்தின் லெத்ரா பயிற்சி மையத்தில் வளரும் பிள்ளைகளைப் பற்றியும்தான் எழுத வந்தேன்.

தமிழில் எழுதுகிறேன். மனத்தில் இருப்பதைக் குறைவில்லாமல் சொல்ல எனக்கு இந்த மொழிதான் இருக்கிறது. படித்துச் சொல்ல உங்களுக்கு ஒருவர் கிடைப்பார் என்று நம்புகிறேன்.

லியோனிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் உங்கள் ஊர் வந்துவிடுகிறது. ஒரு குளிர்காலத்தில் அப்படி வந்து, டிராமில் ஜொஃப்ருவா கிஷார் மைதானத்திற்குப் போனேன். ஊர் மக்கள் 'கொப்பரை' என்று அழைக்கும் மைதானம். உள்ளே கொதிப்பதெல்லாம் பச்சை நிறம். அங்கே 2013 டிசம்பரில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவந்த மரத்தாலான கோல் கம்பங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஒரு முதியவர் தன் பேரனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். ஆனால் அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்ததுமே என்ன சொல்கிறார் என்று புரிந்துவிட்டது.

1976 மே 12. ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் மைதானம். எதிரே பெக்கன்பவர், கெர்ட் முல்லர், செப் மையர் ஆடிய பேயர்ன் மியூனிக். முதல் பாதியில் தொமினிக் பத்தனே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில் ழாக் சாந்தினி தலையால் முட்டிய பந்தும் அதே கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 57-ஆவது நிமிடத்தில் ஃபிரான்ஸ் ரோத் அடித்த ஃப்ரீ கிக் ஒன்றே ஆட்டத்தை முடித்துவிட்டது. ஹாம்ப்டன் பார்க்கின் கம்பங்கள் சதுர வடிவில் இருந்தன. உருண்டையாக இருந்திருந்தால் பந்து உள்ளே விழுந்திருக்கும் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. தோற்று வந்த அந்த அணியை மறுநாள் பாரீஸின் சாம்ஸ் எலிசே வீதியில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள்.

அந்தக் கம்பங்களின் முன் நானும் நின்றேன். ஆனால் எனக்கு நினைவு வந்தது கம்பத்தின் வடிவம் அல்ல. அந்தப் பதினொருவரும் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விதான். கோல் காப்பாளர் இவான் சுர்கோவிச் பெல்கிரேடிலிருந்து வந்தவர். பின்களத்தில் ஒஸ்வால்டோ பியாசா அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் மீசை அரும்பும் வயதில் இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கி, இங்கேயே ஆளானவர்கள்.

அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தவர் பியேர் கரோனேர் என்ற மனிதர். பிரான்ஸ் முழுவதும் சுற்றி, சிற்றூர் மைதானங்களின் ஓரத்தில் நின்று சிறுவர்களின் ஆட்டம் பார்ப்பதே அவருடைய வேலை. பாவ் நகரத்தின் பக்கத்திலிருந்து ழான்-மிஷேல் லார்க்கே வந்தார். மேற்குக் கடற்கரையில் சிப்பி வளர்க்கும் குடும்பத்திலிருந்து தொமினிக் ரொஷ்தோ வந்தார். ஜெரார் ழான்வியோன் மார்த்தினிக் தீவில் பிறந்தவர். 1970-இல் இந்தக் கழகம் பிரான்ஸின் இளையோர் கோப்பையான கம்பார்தெல்லாவை வென்றது. பெரியவர்களின் அணி அதே ஆண்டு லீக் பட்டத்தையும் பிரெஞ்சுக் கோப்பையையும் சேர்த்து வென்றதால், சிறுவர்களின் வெற்றியைக் கவனித்தவர்கள் குறைவு. கவனித்தவர்களில் ஒருவர் ரொபேர் எர்பான்.

எர்பானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகள் இந்தக் கழகத்திற்காக ஆடி, ஐந்து லீக் பட்டங்களை வென்று, 1972-இல் பயிற்சியாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 33. செம்பட்டைச் சுருள்முடி, அதிகம் பேசாத வாய், சலனம் காட்டாத முகம். 'ஸ்பிங்க்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் செவ்வியல் இசை கேட்பதில் பெரும் பிரியம் உடையவர். வந்ததும் அவர் செய்த காரியம், அந்தச் சிறுவர்களை முதல் அணிக்குள் இறக்கியதுதான். முதல் சீசனில் பட்டம் வரவில்லை. தலைவர் ரொஜே ரொஷே, எப்போதும் வாயில் பைப்புடன் இருக்கும் அந்தக் கட்டுமான ஒப்பந்தக்காரர், அவரை மாற்றவில்லை. 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லீக் பட்டம் இந்த ஊருக்கே வந்தது. 1974-இலும் 1975-இலும் பிரெஞ்சுக் கோப்பையும் உடன் வந்தது.

அந்த ஆண்டுகளில் ஊரின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். குறியோ சுரங்கம் 1973-இல் மூடப்பட்டது. சைக்கிளும் துப்பாக்கியும் செய்த மானுஃபிரான்ஸ் நிறுவனம் தள்ளாடத் தொடங்கியிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரைத்தான் கிளாஸ்கோவில் வீரர்கள் மார்பில் தாங்கி ஆடினார்கள். பத்து ஆண்டுகளுக்குள் அதுவும் போய்விட்டது. நிலக்கரியும் ரிப்பனும் ஆயுதமும் செய்து வாழ்ந்த ஊர், தன் தொழில்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்துகொண்டிருந்த வேளையில், இருபது வயதுப் பிள்ளைகள் பச்சைச் சட்டையில் ஐரோப்பாவின் பெரிய அணிகளை எதிர்த்து நின்றார்கள். கொப்பரையில் எழுந்த சத்தத்திற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1976 மார்ச் 17 இரவை உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அந்த ஓர் இரவுக்குள் இருக்கிறது. காலிறுதியின் முதல் ஆட்டத்தில் டைனமோ கீவ் அணியிடம் 0-2 என்று தோற்றிருந்தார்கள். எதிரணியில் ஒலெக் பிளோகின், அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதான தங்கப் பந்தைப் பெற்றவர். கொப்பரையில் இரண்டாம் பாதி, இன்னும் ஒரு கோலும் இல்லை. பிளோகின் தனியாகப் பாய்ந்து வருகிறார். பக்கத்தில் சக வீரர் ஒருவர் காலியாக ஓடி வருகிறார். பந்தைத் தட்டிவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவர் தட்டவில்லை. கிறிஸ்தியான் லோபெஸ் திரும்பி ஓடிவந்து தடுத்துவிடுகிறார். அதே மூச்சில் பந்து மறுபக்கம் போகிறது. பியாசா பந்தோடு ஏறுகிறார், தம்பி பத்ரிக் ரெவெல்லியிடமிருந்து அண்ணன் எர்வே ரெவெல்லிக்கு வருகிறது, கோல். சில நிமிடங்களில் லார்க்கேயின் ஃப்ரீ கிக் இரண்டாவது கோல். கூடுதல் நேரம்.

அப்போது ரொஷ்தோவுக்குக் கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. இருபத்தொரு வயது. ஓட முடியவில்லை, வெளியே வருகிறேன் என்று சைகை காட்டினார். எர்பான் அவரை எடுக்கவில்லை. 112-ஆவது நிமிடத்தில் அந்தக் காலால்தான் மூன்றாவது கோல் விழுந்தது.

வேறு எந்தப் பயிற்சியாளராக இருந்தாலும் பையனை வெளியே அழைத்திருப்பார். அந்தப் பையனைச் சிறுவயது முதல் கண்ணெதிரே வளர்த்தவருக்குத்தான் அவனிடம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது தெரியும்.

இந்தப் பொறுமை எர்பானோடு பிறந்ததும் இல்லை. அவருக்கும் முன்னால் இது கழகத்தின் குணமாக இருந்தது. தொடக்கக் கதையை நீங்கள் அறிவீர்கள்: 1919-இல் கசினோ மளிகை நிறுவனத்தின் ஊழியர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம், கடையின் பச்சை நிறமே சட்டையின் நிறம், முதலாளி ஜொஃப்ருவா கிஷார் வாங்கிய நிலத்தில் 1931-இல் மைதானம், 1933-இல் தொழில்முறை அணி. இதையெல்லாம் விரைவாகக் கடந்துவிடுகிறேன். நான் தங்கி நிற்க விரும்புவது ரஷீத் மெக்லூஃபி என்ற பெயரில்.

மெக்லூஃபி அல்ஜீரியாவின் சேதிஃப் நகரத்தவர். 1945 மே மாதம் அந்த ஊரில் பிரெஞ்சுப் படைகள் நடத்திய படுகொலையின்போது அவருக்கு எட்டு வயது. 1954-இல், பதினெட்டு வயதில், சோதனை ஆட்டத்திற்காகச் செயின்ட் எத்தியென் வந்தார். போலந்துப் பெற்றோருக்குப் பிறந்த பயிற்சியாளர் ழான் ஸ்னெல்லா அவரைப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். மூன்றே ஆண்டுகளில், 1957-இல், கழகத்தின் வரலாற்றில் முதல் லீக் பட்டம் வந்தது. பிரான்ஸ் தேசிய அணியிலும் இடம் கிடைத்தது. 1958 உலகக் கோப்பைக்குப் போகவிருந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த ஏப்ரலில் ஒருநாள் அவரைக் காணவில்லை. அல்ஜீரிய விடுதலை முன்னணியின் அழைப்பை ஏற்று, பிரான்ஸில் ஆடிக்கொண்டிருந்த வேறு சில அல்ஜீரிய வீரர்களோடு எல்லை கடந்து துனிஸ் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் பிரெஞ்சு இராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்தார். ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் படையை விட்டோடியவர். வயது 21. உலகக் கோப்பை, சம்பளம், புகழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிறக்காத ஒரு நாட்டின் அணிக்காக நான்கு ஆண்டுகள் ஊர் ஊராக ஆடினார். அந்த அணியை ஃபிஃபா அங்கீகரிக்கவில்லை.

1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மெக்லூஃபி முதலில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்திற்குப் போனார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர் அதே ஸ்னெல்லா. அந்த ஆண்டு செயின்ட் எத்தியென் பிரெஞ்சுக் கோப்பையை வென்றும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. மெக்லூஃபியைத் திரும்ப அழைக்கத் தலைவர் ரொஷே முடிவெடுத்தார். அல்ஜீரியப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அல்ஜீரியாவில் மகன்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் பிரான்ஸ் எங்கும் இருந்தன. விட்டோடியவனை மறுபடி மைதானத்தில் இறக்குவதா என்று கேட்டவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர் முதன்முதலில் திரும்பி வந்து ஆடியபோது மைதானத்தில் ஒரு கனத்த அமைதி நிலவியது. பந்து அவர் காலுக்கு வந்தது, ஓரிருவரைக் கடந்தார், கைதட்டல் தொடங்கியது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை.

1963-இல் முதல் பிரிவுக்கு மீண்டார்கள். மறு ஆண்டே லீக் பட்டம். 1967-இல் ஒன்று, 1968-இல் இன்னொன்று. 1968 மே 12, பாரீஸ் தெருக்களில் மாணவர் கிளர்ச்சி கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்களில், கோப்பை இறுதிப் போட்டியில் போர்தோவை 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோல்களும் மெக்லூஃபியுடையவை. இந்தக் கழகத்திற்காக அவர் ஆடிய கடைசிப் பெரிய ஆட்டம் அதுவே. 2024 நவம்பர் 8-ஆம் தேதி, 88 வயதில் காலமானார். நீங்கள் உரிமையாளர்களாகி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

சொல்லாமல் போனவனுக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்து, வந்ததும் சட்டையைக் கொடுத்த கழகம் இது. உலகின் எந்தக் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றிலும் இதற்கு இணையாக ஒன்றை நான் படித்ததில்லை. கிளாஸ்கோ கம்பங்களுக்கு முன் கூட்டம் கூடுவதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் என்னிடம் கேட்டால், இந்தக் கழகத்தின் உச்சம் அந்த இறுதிப் போட்டி அல்ல, 1962-இன் அந்தக் கைதட்டல்தான்.

சாலிஃப் கெய்த்தாவையும் விட முடியாது. 1967-இல் மாலி நாட்டை விட்டுக் கிளம்பி, பாரீஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கிய இருபது வயது இளைஞன், தன்னை அழைத்துப் போக யாரும் இல்லாததைக் கண்டு ஒரு டாக்சியில் ஏறி, செயின்ட் எத்தியென் போக வேண்டும் என்றான். ஐந்நூறு கிலோமீட்டர். வந்து சேர்ந்ததும் கட்டணத்தைக் கழகம் கொடுத்தது. அந்தப் பணத்திற்கு ஈடாகக் கிடைத்ததைக் கணக்கிட்டால், 149 லீக் ஆட்டங்களில் 125 கோல்கள். 1970-71 சீசனில் மட்டும் 42 கோல்கள் அடித்தார், ஆனாலும் அந்த ஆண்டு 44 அடித்த மர்செய்யின் ஸ்கோப்லார்தான் முதலிடம் பெற்றார். ஆப்பிரிக்காவின் தங்கப் பந்து 1970-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர் கெய்த்தா. கழகத்தின் சின்னத்தில் ஒரு காலத்தில் பாய்ந்துகொண்டிருந்த கருஞ்சிறுத்தை அவரை நினைத்து வரைந்தது. 2023 செப்டம்பரில் அவரும் மறைந்தார். எர்பான் 2020 ஏப்ரலிலேயே போய்விட்டார். நேரில் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நினைவூட்டும் வேலை இப்போது எங்களைப் போன்ற தூரத்து வாசகர்களுக்கும் வந்திருக்கிறது.

இனி கசப்பான பக்கம். குறுக்கு வழியில் போன ஒவ்வொரு முறையும் இந்தக் கழகம் விழுந்திருக்கிறது.

1979-இல் மிஷேல் பிளாத்தினி நான்சியிலிருந்து வந்தார். அதே கோடையில் நெதர்லாந்தின் ஜானி ரெப் வந்தார். அவர்கள் ஆட்டத்தில் நான் குற்றம் காண மாட்டேன். ஹாம்பர்க் நகரில் 5-0 என்று வென்ற இரவு கால்பந்தை நேசிக்கும் எவருக்கும் விருந்து. 1981-இல் பத்தாவது லீக் பட்டமும் வந்தது. ஆனால் அந்தப் பளபளப்புக்கு அடியில், கணக்கில் வராத பணப்பெட்டி ஒன்று இருந்தது. 1982-இல் அது வெளியே வந்தது. இருபத்தோராண்டுகள் தலைவராக இருந்த ரொஷே பதவி விலகினார், பின்னர் சிறைக்கும் போனார். பிளாத்தினி இத்தாலிக்குப் போனார். 1984-இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மெக்லூஃபியைத் திரும்ப அழைத்த அதே ரொஷே, எர்பானுக்குக் காலம் கொடுத்த அதே ரொஷே! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான் மிஞ்சும். பொறுமையால் எல்லாவற்றையும் கட்டியவருக்கே கடைசியில் பொறுமை போய்விட்டது.

அடுத்தது 2000-ஆம் ஆண்டு. இரண்டு பிரேசில் வீரர்கள், ஓர் உக்ரேனியக் கோல் காப்பாளர், போலி ஐரோப்பியப் பாஸ்போர்ட்டுகள். ஏழு புள்ளிகள் பறிக்கப்பட்டன, 2001-இல் மறுபடி இறக்கம். மீண்டு வர மூன்று ஆண்டுகள் ஆயின. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

மீண்டு வந்தவர்கள் எப்படி நிமிர்ந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். லோயிக் பெரான் இந்த ஊரிலேயே பிறந்தவர், சிறுவனாகக் கழகத்தில் சேர்ந்து, 2003 முதல் 2020 வரை வேறு எந்தச் சட்டையும் அணியாமல் ஆடியவர். அவர் அணித்தலைவராக இருந்தபோதுதான், கிறிஸ்தோஃப் கால்தியே பயிற்சியில், 2013 ஏப்ரலில் ரென் அணியை 1-0 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கினார்கள். 32 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் பெரிய கோப்பை. அந்த அணியில் ஜோசுவா கிலவோகி, கூர்ட் சூமா, ஃபவ்ஸி குலாம் என்று கழகம் தானே வளர்த்த பிள்ளைகள் இருந்தார்கள். பெரானின் கடைசி ஆட்டம் 2020 ஜூலையில் பாரீஸ் அணிக்கு எதிரான கோப்பை இறுதிப் போட்டி. எம்பாப்பேயைத் தடுக்கப் போய், முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பதினேழு ஆண்டு உழைப்புக்கு அப்படி ஒரு முடிவு நியாயமே இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. அன்று பெரானுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய ஒரு பையன் மைதானத்திலேயே இல்லை.

வில்லியம் சலிபா. லெத்ரா பயிற்சி மையத்தில் வளர்ந்து, 2018 செப்டம்பரில் முதல் அணிக்காக முதல் ஆட்டம் ஆடி, அடுத்த ஜூலையில் ஆர்சனலுக்கு விற்கப்பட்டவர். ஓராண்டு கடனாக இங்கேயே ஆடினார். கொரோனாவால் தள்ளிப்போன அந்த இறுதிப் போட்டிக்கு மட்டும் கடன் காலத்தை நீட்டிக்க இரு கழகங்களும் ஒத்துப்போகவில்லை. ஆக, கழகம் வளர்த்த சிறந்த பின்கள வீரர், கழகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தன்று ஆடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் வெஸ்லி ஃபொஃபானா லெஸ்டருக்குப் போனார். முதல் ஆட்டத்திலிருந்து விற்பனை வரை ஒன்றரை ஆண்டுகள்கூட இல்லை. மறு மே மாதம் அவர் லெஸ்டருக்காக எஃப்.ஏ. கோப்பையை வென்றார். சலிபா இன்று பிரான்ஸ் அணியின் பின்களத் தூண்களில் ஒருவர். 2019-இல் கழகம் மறுபடியும் கம்பார்தெல்லா கோப்பையை வென்றிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1970-இன் பிள்ளைகளுக்கு எர்பான் கிடைத்தார். 2019-இன் பிள்ளைகளுக்குக் கிடைத்தது விலைச்சீட்டு.

2022 மே 29 இரவு ஒசேருடன் பெனால்டியில் தோற்று இரண்டாம் பிரிவுக்குப் போனோம். ரசிகர்கள் தீப்பந்தங்களோடு மைதானத்துக்குள் பாய்ந்தார்கள், வீரர்கள் உள்ளே ஓடினார்கள். அந்தச் செயலை நான் ஆதரிக்கவில்லை. வீரர்களை அஞ்சி ஓடவிடும் கோபம் எவ்வளவு நியாயமான இடத்தில் பிறந்தாலும் தவறு. ஆனால் கோபத்தின் வேர் அந்த ஓர் இரவில் இல்லை. கண் முன்னே வளர்ந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்குள் அவன் போய்விடுகிறான் என்ற ஏக்கம் அதில் இருந்தது.

நீங்கள் திருப்பிக் கேட்கலாம். 2020-இல் மீடியாப்ரோ நிறுவனத்துடனான ஒளிபரப்பு ஒப்பந்தம் முறிந்து பிரெஞ்சுக் கழகங்கள் அனைத்தின் தொலைக்காட்சி வருமானமும் சரிந்ததே, விற்காமல் சம்பளம் எப்படிக் கொடுப்பது? நியாயமான கேள்வி. அன்றைய உரிமையாளர்களுக்குக் கையில் காசு இல்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு அணிகளை நடத்திய அனுபவமும் பொருள்வளமும் உங்களிடம் இருக்கின்றன. ஆர்சனலிலும் மிலானிலும் பொறுப்பு வகித்த ஐவன் கஸீடிஸைத் தலைவராக அமர்த்தினீர்கள். பெல்ஜியத்திலிருந்து லூக்கா ஸ்டாசின் போன்ற இளைஞரைக் கொண்டுவந்தீர்கள். நல்ல தேர்வு, அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இளைஞரை வாங்கி, விலை ஏற்றி, விற்பதே திட்டம் என்றால், இந்த ஊரில் அது ஒட்டாது. அதை எந்த ஊரிலும் செய்யலாம், அதற்கு இந்தப் பச்சைச் சட்டை தேவையில்லை.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். லெத்ராவில் வளர்ந்த பையன் எவனையும், அவன் முதல் அணிக்காக இரண்டு முழு சீசன்கள் ஆடி முடிக்கும் முன் விற்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். நிரந்தரமாகக் கட்டிப்போடச் சொல்லவில்லை. ரொஷ்தோவும் போனார், லார்க்கேயும் போனார், கெய்த்தாவும் போனார். போவது இயல்பு. கொப்பரையின் சத்தத்தை ஒருவன் உடம்பில் வாங்கிக்கொண்ட பிறகு போகட்டும் என்றுதான் கேட்கிறேன். பையனே போக விரும்பினால் என்ன செய்வது என்பீர்கள். இங்கே தனக்கு இடம் உண்டு, தவறு செய்தாலும் அடுத்த வாரம் ஆடுவோம் என்ற நம்பிக்கை இருந்தால், பதினெட்டு வயதில் போக விரும்புகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். எர்பான் கால் இழுத்த பையனை மைதானத்தில் வைத்துக்கொண்டதைப் போல, மோசமாக ஆடும் இரண்டு மாதங்களிலும் அவனை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பிரிவில் இருப்பதை அவமானமாக நினைத்துவிடாதீர்கள். மெக்லூஃபி திரும்பி வந்தபோது கழகம் இரண்டாம் பிரிவில்தான் இருந்தது.

லெத்ரா மையத்திற்கு இப்போது ரொபேர் எர்பானின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். டொரண்டோவிலிருந்து அடுத்த முறை வரும்போது, அலுவலகக் கூட்டங்களுக்கு முன்பு அங்கே ஒரு காலை வேளை போய் நில்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் பயிற்சி செய்வதைப் பாருங்கள். அவர்களில் ஒருவன் பெயரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அவன் விலை என்ன என்று யாரும் உங்களிடம் சொல்வதற்கு முன்பே.

பதிலை எதிர்பார்த்து,
தூரத்திலிருந்து பச்சைச் சட்டையை நேசிக்கும் ஒரு ரசிகன்